ஊர் ஸ்டேஷனா, நெல்லை ஜங்ஷனா?

அம்மாவுக்கு மூட்டுவலி. சென்னைக்கு அழைத்துப் போக எங்களுக்கு இரண்டு வழி. திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையில் இருக்கும் எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறலாம். இல்லையென்றால் பஸ் பிடித்து ஜங்ஷன் போய் நெல்லை எக்ஸ்பிரஸ். இரண்டிலும் போய்ப் பார்த்தாயிற்று. இப்போது ஊர் ஸ்டேஷன்தான்.

ஜங்ஷனில் சாப்பாடு, தங்கும் அறை, ராத்திரியிலும் ஆட்டோ எல்லாம் உண்டு. எங்கள் ஸ்டேஷனில் பெஞ்சும் குழாயும் மட்டும். செந்தூர் வண்டி தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று சுற்றுவதால், விருத்தாசலம் வழியே போகும் நெல்லையைவிட நேரமும் கூடுதல். சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

எனக்கு முக்கியம், வாசலிலிருந்து பெட்டிவரை உள்ள நடை. ஒரு பெட்டி கிட்டத்தட்ட 24 மீட்டர். 22 பெட்டி கோத்தால் வண்டி அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெரிய ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறி இறங்கிய பிறகு, அந்த நீளத்தில் பாதியாவது நடக்க வேண்டிவரும். ஒரு பெரிய ஸ்டேஷனில் கடைசி நேரத்தில் பிளாட்பாரத்தை மாற்றிவிட்டார்கள். பாதிப் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். “நீ வேணா போய்ட்டு வா, நான் ஊருக்குத் திரும்புதேன்” என்றாள். எங்கள் ஊரில் ஆட்டோவிலிருந்து இறங்கினால் பத்தடியில் பிளாட்பாரம். படியே கிடையாது.

ஆனால் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம்தான். நெல்லை எக்ஸ்பிரஸ் ஜங்ஷனிலேயே புறப்படுவதால் நிதானமாக ஏறி உட்காரலாம். இங்கே நம் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு, அந்த இடத்தில் அம்மாவை உட்காரவைத்துவிடுவேன். பிளாட்பார உயரமும் கவனிக்க வேண்டியது. உயர்ந்த பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர்வரை இருக்கும். எங்களுடையது அந்த ரகம். தாழ்வான பிளாட்பாரம் 455-ஐத் தாண்டாது. அப்படி இருந்திருந்தால் ரயிலின் படியில் அம்மா காலே வைத்திருக்க மாட்டாள், நானும் ஜங்ஷன் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

மழைக்காலத்தில் இந்த வழியை நான் இன்னும் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளத்தில் தண்டவாளத்தின் கீழ் ஜல்லி அரித்துப் போக, இதே செந்தூர் வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர். சுற்றுவட்டார மக்கள்தான் சோறாக்கிப் போட்டார்கள். அதனால் கார்த்திகை, மார்கழியில் டிக்கெட் எடுப்பதாக இருந்தால், அம்மா முணுமுணுத்தாலும் நெல்லை எக்ஸ்பிரஸில்தான் எடுப்பேன்.