டெல் மானிட்டரின் சுயசோதனை: எதுவரை நம்பலாம்?

கணினி ஓடுகிறது, விசிறிச் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கருப்பு. உடனே கேபினெட்டைத் திறந்து ரேமைக் கழற்றப் போகிறவர்கள்தான் அதிகம். டெல் மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் மானிட்டருக்குள்ளேயே இருக்கும் சுயசோதனையை ஓட்டிப் பார்ப்பது நல்லது. தனிக் கருவியும் தேவையில்லை, கணினியும் தேவையில்லை. பழுது மானிட்டரிலா வெளியிலா என்று பாதிவழி வரை இது தெளிவாகச் சொல்லிவிடும். மீதிப் பாதியையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

செய்முறை எளிது. கணினி, மானிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, வீடியோ கேபிளை மானிட்டரின் பின்பக்கத்தில் கழற்ற வேண்டும். கணினிப் பக்கம் மட்டும் கழற்றினால் பழுதான கேபிள் மானிட்டரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சோதனை சுத்தமாக இருக்காது. இரண்டு மூன்று கேபிள்கள் செருகியிருந்தால் யூஎஸ்பி-சி உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மானிட்டரை மட்டும் ஆன் செய்ய வேண்டும். கருப்புத் திரையில் கேபிள் இல்லை என்று சொல்லும் சிறு பெட்டி தோன்றி, பவர் விளக்கும் அணையாமல் நிலையாக எரிந்தால் சோதனையில் தேறிவிட்டது. சில நிமிடங்களில் அது தானாகத் தூங்கப் போகும், அது பழுதல்ல.

பெட்டி திரையில் இருக்கும்போதே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். குறிப்பிட்ட ஒரு பொத்தானை, புது மாடல்களில் ஜாய்ஸ்டிக்கை, நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் திரை முழுதும் சாம்பல் நிறமாகும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு, வெள்ளை என்று மாறி, கடைசியில் எழுத்துகள் வரும். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது, மானிட்டரின் மேல் எங்கும் அது எழுதியிருக்காது, கையேட்டைத்தான் தேட வேண்டும். இவ்வளவு நல்ல வசதியை இப்படி ஒளித்து வைத்திருப்பது எரிச்சல்தான். பலன் என்னவோ பெரிது: கேபிளே இல்லாதபோதும் கோடோ கறையோ தெரிந்தால் குற்றம் பேனலில், அதாவது படம் காட்டும் திரைப்பலகையில். இங்கே சுத்தமாக இருந்து, கணினியை இணைத்ததும் கோடு வந்தால் கிராபிக்ஸ் கார்டையோ கேபிளையோ பார்க்க வேண்டும்.

குறை எங்கே என்றால், பெட்டி வந்துவிட்டால் மானிட்டர் சரியாக இருக்கிறது, கணினியைப் பாருங்கள் என்கிறது டெல்லின் கையேடு. இது கொஞ்சம் மிகை. அந்தப் பெட்டியை வரைவது மானிட்டருக்குள் இருக்கும் ஸ்கேலர் சிப், அதாவது வரும் படத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றித் தரும் சிப். ஆக, பவர் போர்டு, ஸ்கேலர், பேனல், அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் ஆகியவை வேலை செய்கின்றன என்பதற்குத்தான் அது சாட்சி. எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் என்ற வீடியோ இணைப்பு வழியாக வரும் சிக்னலை வாங்கும் பகுதி இந்தச் சோதனைக்குள் வரவே வராது. மானிட்டர் தன் திறன்களைக் கார்டுக்குச் சொல்லும் ஈடிஐடி தகவலும் அப்படித்தான். அதைப் படிக்க முடியாவிட்டால் கார்டு படத்தை அனுப்பாமலே இருந்துவிடலாம். நிலைமின்சாரம் தாக்கி ஒரு போர்ட் மட்டும் செத்துப்போன மானிட்டர்கூட சுயசோதனையில் முதல் மார்க் வாங்கும். எனவே பெட்டி வந்தபின் அடுத்த வேலை மானிட்டரின் வேறொரு போர்ட்டை முயல்வது. அப்போது மெனுவில் இன்புட்டைத் தானியங்கித் தேர்வில் விடாமல், செருகிய போர்ட்டையே கையால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டியே வரவில்லையா? விளக்கும் எரியாவிட்டால் பவர் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பார்க்கலாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் செருகினால் மயங்கிக் கிடந்த போர்டு சில நேரம் எழுந்துகொள்ளும். விளக்கு எரிந்தும் திரை கருப்பாக இருந்தால், கேபிளைத் திரும்பச் செருகிக் கணினியை ஆன் செய்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடிக்க வேண்டும். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது பேக்லைட். எல்இடி வருவதற்கு முந்தைய பழைய மானிட்டர்களில் படம் ஓரிரு விநாடி வந்து அணைவதும் இதே வகைதான்: பேக்லைட்டாக இருக்கும் குழல்விளக்கு தேய்ந்ததும், அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் சுற்று தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது.

விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தால் பவர் போர்டில் தலை உப்பிய கெப்பாசிட்டர் இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதே அல்லது அதற்கு மேலாகவும், வெப்ப அளவு 105 டிகிரியாகவும், ஈஎஸ்ஆர் எனப்படும் உள்மின்தடை குறைந்த வகையாகவும் இருக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் அந்தப் போர்டின் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டைத் தாண்டித் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். மின்னணு வேலை தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சோதனையில் தேறி, வேறு போர்ட்டிலும் படம் வராவிட்டால் கேபிள்தான் முதல் சந்தேகம். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் ஒரு விசேஷம் உண்டு. அதன் 20வது பின் (இணைப்பு முனை) 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரணக் கேபிளில் அந்தப் பின்னை இரு முனைக்கும் இடையே இணைக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறிய மலிவான கேபிள்கள் இணைத்துவிடுகின்றன. விளைவு, மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் பின்வழியாகப் பாய்கிறது. கணினி அணைந்த பிறகும் பாய்கிறது. கேபிள் செருகியிருந்தால் கணினி தொடங்க மறுப்பதும், கழற்றினால் தொடங்குவதும் இதன் அடையாளம்.

யூஎஸ்பி-சி பிரச்சினை வேறு மாதிரி. லேப்டாப் சார்ஜ் ஆகிறதே, கேபிள் சரிதானே என்று தோன்றும். போன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் பலவற்றில் வீடியோவைக் கொண்டுபோகும் வேகக் கம்பிகளே கிடையாது. லேப்டாப்பின் அந்தப் போர்ட்டும் யூஎஸ்பி-சி வழியாக வீடியோ அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு உள்ளதாக இருக்க வேண்டும். அடாப்டர்களுக்கோ திசை உண்டு: கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண அடாப்டர் எதிர்த்திசையில் வேலை செய்யாது.

கணினிப் பக்கம் பார்த்தால், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மதர்போர்டின் போர்ட்டில் கேபிளைச் செருகியிருப்பதுதான் சர்வசாதாரணமான காரணம். பெயரின் முடிவில் எஃப் உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்கிராபிக்ஸே இல்லை, ஆகவே அந்தப் போர்ட்டிலிருந்து எதுவும் வராது. என்விடியாவின் 900, 10 வரிசைக் கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.3 அல்லது 1.4 மானிட்டரை இணைத்தால், விண்டோஸ் ஏறும்வரை திரை கருப்பாகவே இருக்கும் பழுது உண்டு. அதற்கென்றே 2018இல் என்விடியா ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டது. விண்டோஸ் ஓடுகிறதா என்று சந்தேகமிருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் பி-யை (B) அழுத்தலாம். கிராபிக்ஸ் டிரைவர் மறுதொடக்கமாகும். ஒரு பீப் கேட்டால் கணினி விழித்திருக்கிறது.

மானிட்டரை வாரண்டிக்குக் கொடுப்பதானால் நிறச் சோதனையைக் கேபிள் இல்லாமல் ஓட்டி, கோடோ கறையோ தெரியும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு படம் எடுத்து, பின்பக்கப் போர்ட்கள் காலியாக இருப்பதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் கணினியில்தான் கோளாறு என்று சொல்லித் தட்டிக்கழிக்க அதற்குப் பிறகு வழியில்லை.