20 இருந்த இடத்தில் 63: டிசி பெட்டி திருத்தக் கொடுப்போர் கவனத்துக்கு

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையம். 48 வோல்ற் சோலர், ஈய அமில பற்றறி. பம்ப் ஓடும்போதெல்லாம் டிசி பெட்டியில் (பற்றறி மின்னை வழி வழியாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 20 அம்பியர் பிறேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. திருத்த வந்தவர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போனார். பில்லில் "லோட் பிரித்து அமைத்தது, டிசி பிறேக்கர் 4" என்று இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பம்ப் அதே வழியில்தான் நிற்கிறது. 20 இருந்த இடத்தில் 63.

750 வாற் பம்பும் 120 வாற் பிறீசர் இரண்டும் ஒரே வழியில். 990 ஐ 48 ஆல் பிரித்தால் 20.6 அம்பியர். தகரக் கூரைக்குக் கீழே மூடின பெட்டிச் சூட்டில் பிறேக்கர் அதற்கு முன்னமே விழும். அது தன் வேலையைத்தான் செய்தது. வயரோ 2.5 சதுர மில்லிமீற்றர். பம்பில் மணல் சிக்கி 40 அம்பியர் இழுத்தாலும் 63 அசையாது, வயர்தான் கருகும்.

இடம் மாறியது ஒரேயொரு வயர், அதுவும் போகக்கூடாத இடத்துக்கு. இரவில் கமரா அணைகிறது என்று சொன்னதற்காக அதைக் கழற்றி, பற்றறி குறைந்தால் வெட்டிவிடும் எல்விடிக்கு முன்னால், பியூஸ்கூட இல்லாமல் பற்றறி பக்க பஸ்பாரில் (வயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) முறுக்கியிருக்கிறார். 43.2 வோல்ற்றில் மற்றதெல்லாம் நிற்கும், கமரா விடியவிடிய உறிஞ்சும். பற்றறி சாகும் வழி அது. அந்த மெல்லிய வயரில் பல்லி விழுந்து சோட் ஆனால் பற்றறி முழுப் பலத்தையும் அதற்குள்தான் தள்ளும்.

"டிசி பிறேக்கர்" என்றதன் முகத்தில் 230/400 க்குப் பக்கத்தில் பாம்பு போல் ஒரு வளைகோடு. அது ஏசி அடையாளம். டிசிக்கு நேர்கோடும் கீழே விட்டுவிட்ட கோடும் இருக்கும். சில ஏசி பிறேக்கரைக் குறைந்த டிசியில் பாவிக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதுவதுண்டு. அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வேண்டாம். பிறேக்கர் விழும்போது உள்ளே எழும் மின்பொறி, அதாவது ஆர்க், டிசியில் ஏசி போலத் தானாகப் பூச்சியத்துக்கு வந்து அணையாது. + − குறி உள்ளதைத் தலைகீழாகப் பூட்டினாலும் இதே கதிதான்.

செய்திருக்க வேண்டியது பெரிய வேலையில்லை. பழைய 2.5 வயரைப் பிறீசர்களுக்கு விட்டு 10 அம்பியர் டிசி பிறேக்கர். பம்புக்குத் தனியாக 10 சதுர மில்லிமீற்றர் வயர், 25 அம்பியர். பம்ப் இழுப்பது 15.6, பெட்டியிலிருந்து 12 மீற்றர், போய்வர 24. பழைய வயரில் 2.8 வோல்ற் விழும், புதியதில் 0.7. கமரா எல்விடிக்குப் பின்னால், தனிப் பியூஸுடன். இரவில் நிற்கக்கூடாது என்றால் பற்றறியின் கொள்ளளவைத்தான் கூட்ட வேண்டும்.

வேலை தொடங்க முதல் ஒவ்வொரு வழியையும் கிளாம்ப் மீற்றரால் (வயரைக் கவ்வி அம்பியர் பார்க்கும் மீற்றர்) அளந்து எழுதுகிறாரா என்று பாருங்கள். ஏசி மட்டும் பார்க்கும் கிளாம்ப் டிசியில் பூச்சியம்தான் காட்டும், அதை வைத்து "லோட் இல்லை" என்பவர்களும் உண்டு. நிறுத்தும் ஒழுங்கு: லோட்கள், பிறகு சோலர் ஐசோலேற்றர் (சோலரை வெட்டிவிடும் சுவிற்ச்), கடைசியாகத்தான் பற்றறி. சோலர் ஓடும்போது பற்றறியைக் கழற்றினால் சார்ஜ் கன்ட்ரோலர் போய்விடலாம். பஸ்பாரில் மீற்றர் வைத்துப் பூச்சியம் பார்க்காமல் கை போடக்கூடாது. பம்ப் கன்ட்ரோலரின் கப்பாசிற்றர் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். மோதிரம் கழற்ற வேண்டும், ஸ்பானர் பிடிக்கு இன்சுலேசன் ரேப். ஏற்றும்போது பற்றறி, சோலர், பிறகு லோட்கள் ஒவ்வொன்றாக.

பம்பை அரை மணித்தியாலம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மில்லிவோல்ற் அளக்கச் சொல்லுங்கள். பம்பின் 15.6 அம்பியரில் 300 மில்லிவோல்ற் வந்தால் அந்த ஒரு புள்ளியில் ஏறக்குறைய 4.7 வாற் சூடு. வயர் நுனியில் பூட்டும் லக் சரியாக நசுக்கப்படவில்லை, அல்லது திருகு தளர்வு. அந்த அளவுகளும் கழற்றின பழைய பிறேக்கர்களும் கைக்கு வராமல் மீதிக் காசைக் கொடுக்காதீர்கள்.