ஆணிக் காட்டில் பழைய சதம்: வடிகட்டுவதா, காது கொடுப்பதா?

கல்லடியில் மாமியின் வளவுக்குள் எங்கே மண்வெட்டியை இறக்கினாலும் முதலில் வருவது இரும்பு. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்த நாளில் சிதறிய தகர ஆணிகள் அடியில் கிடக்கின்றன. அதற்கு மேலே யுத்த காலத்து வெற்றுத் தோட்டாக்கள், அதற்கு மேலே 2004 சுனாமி கொண்டுவந்து கொட்டியவை. எல்லாவற்றுக்கும் மேலே, மைத்துனர்மார் இருந்து கதைத்துவிட்டு எறிந்த சோடா மூடியும் சிகரெட் பெட்டி ஈயத்தாளும். எந்தப் பூங்காவிலும் இவ்வளவு கலப்புக் குப்பை இருக்காது. உலோகம் தேடுகிற டிடெக்டர் மிசின் குப்பையின் சத்தத்தை ஒதுக்குவதைத்தான் வடிகட்டல் என்கிறேன். அதைச் சோதிக்க எனக்கு வேறு இடம் தேவைப்படவில்லை.

தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஓர் ஒப்பந்தகாரரிடம் வேலை செய்கிறேன். மண்ணுக்குள் புதைந்துபோன வால்வ் மூடிகளைத் தேட எங்களிடம் அனுமதிக் கடதாசியோடு ஒரு டிடெக்டர் உண்டு. முதலாளியிடம் கேட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தானே. நான் குடியிருப்பது மனைவியின் சீதன வளவு. ஆகவே முதலாளியைவிட மாமியைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடாகப் போயிற்று. கடைசியில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்த பழைய காசுக் குத்திகளில் எட்டைத் தந்தார். "எண்ணித்தான் தாறன் மருமகன். எண்ணித்தான் திருப்பி வாங்குவன்" என்றார்.

அந்த எட்டையும் நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்தில் நானே புதைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈர்க்குக் குச்சி நட்டேன். சொந்த வளவில், நானே புதைத்த காசு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'புதையல் தோண்டியவர்கள் கைது' என்ற செய்தியை நாம் எத்தனை தரம் வாசித்திருக்கிறோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள், கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள் கிடப்பது அரசின் சொத்து. ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை நிற்கிற ஊர் இது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை போட்ட செப்புத் துட்டு ஒன்று கையில் வந்தால்கூட அது உங்களுடையது ஆகாது. காந்தி பூங்கா போன்ற பொது இடத்தில் மிசினோடு இறங்கிக் கிண்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றது, எங்கள் மாவட்டத்தில் கண்ணிவெடிகள் அகற்றி முடிந்ததென்று 2017இல் அறிவித்தார்கள்தான். என்றாலும் பெரிய இரும்பு ஒன்று கனமாகக் கேட்டால் நான் தோண்டமாட்டேன். குச்சி நட்டுவிட்டு பொலிசின் 119க்கு அடிப்பேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். மிசினின் அடியில் இருக்கிற வட்டத் தட்டிலிருந்து போகிற காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சின்ன மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அது திரும்பிவரச் சற்றுப் பிந்துகிறது. அந்தப் பிந்தலை மிசின் ஓர் எண்ணாக்குகிறது. எங்களுடையதில் 0 முதல் 99 வரை. இரும்பு அடியில், அதற்கு மேல் ஈயத்தாள், நடுவில் பியர் டின்னை இழுத்துத் திறக்கிற காது, உச்சியில் செம்பும் வெள்ளியும். 'டிஸ்கிரிமினேஷன்' என்பது இந்த எண் வரிசையில் ஒரு பகுதியை ஊமையாக்குவது, அவ்வளவுதான். அந்த எண்ணில் உலோகத்தின் இனம் மட்டுமல்ல, பருமனும் தடிப்பும் சேர்ந்தே கலந்திருக்கின்றன. சின்னக் கால் சதச் செம்பும் நசுங்கிய அலுமினியத் துண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். பெட்டியோடு வருகிற கைநூல் இதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். வீட்டில் சண்டை வருவது இந்த ஒரு வரியால்தான்.

இன்னொன்றையும் கைநூல் சொல்லாது. அதில் படம் போட்டுக் காட்டுகிற காசுகள் நம்முடையவை அல்ல. மிசின் எங்கே செய்யப்பட்டதோ அங்கத்தைய காசுக்கு அது பழகியிருக்கும். இலங்கைக் காசு காலத்துக்குக் காலம் உலோகம் மாறியது. விக்டோரியா தலை போட்ட 1870இன் கால், அரை, ஒரு சதம், அந்தப் பெரிய ஐந்து சதம் எல்லாம் செம்பு. 1892 முதல் 10, 25, 50 சதங்கள் வெள்ளியில் வந்தன. 1919இல் வெள்ளியின் பங்கு 80 வீதத்திலிருந்து 55க்கு இறங்கியது. 1909இலிருந்து மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், செம்பு நிக்கல் கலவை. இரண்டாம் உலக யுத்தத்தில் மஞ்சள் நிறத்து நிக்கல் பித்தளை, 1944இன் விளிம்பு வளைந்த இரண்டு சதம் அந்தச் சாதி. 1963இல் ஒன்றும் இரண்டும் சதம் அலுமினியமாகின. 25, 50 சதமும் ஒரு ரூபாயும் செம்பு நிக்கல். 1978இல் ஐந்து, பத்துச் சதமும் அலுமினியத்துக்குப் போயின. இன்றைக்குக் கடையில் மிச்சமாக வாங்குகிற குத்திகள் எஃகு.

இதை மிசினின் எண் வரிசையில் வைத்துப் பாருங்கள். செம்பும் வெள்ளியும் உச்சியில், பெரும்பாலான குப்பைக்கு எட்டாத உயரத்தில். செம்பு நிக்கல் ஐந்து சதம் நேரே போய் ஈயத்தாளுக்கும் டின் காதுக்கும் இடையில் குந்திவிடுகிறது. நிக்கல் பித்தளை அதற்குச் சற்று மேலே, அலுமினியச் சதம் நடுவில் எங்கேயோ. ஆக, எதை வடிகட்டுகிறோம் என்ற கேள்வி எந்தக் காலத்துக் காசை விட்டுவிடுகிறோம் என்ற கேள்வியாகவே மாறுகிறது.

முதல் ஞாயிறு, கடும் வடிகட்டு. மிசினில் 'கொயின்' என்று எழுதியிருக்கும் நிலை இதுதான். இரும்பு, ஈயத்தாள், டின் காது எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உச்சியை மட்டும் திறந்து வைக்கிறது. நடக்க நல்ல சுகம். வளவு அமைதியாகிவிட்டது. அரை மணித்தியாலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் ஒரு சதமும் வெள்ளி 25 சதமும் மணி அடித்தமாதிரிக் கேட்டன. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நல்ல மிசின் என்றார். எட்டில் மூன்றைத்தான் எடுத்திருந்தேன். சதுர ஐந்து சதத்தின் குச்சிக்கு மேலே தட்டை நேரே பிடித்தேன். சத்தமே இல்லை.

இரண்டாம் ஞாயிறு இடைவெட்டு. 'நொட்ச்' என்பார்கள். வரிசை முழுவதையும் அடைக்காமல் குப்பை நிற்கிற எண்களை மட்டும் வெட்டி எடுப்பது. கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கும், எனக்கும் முதலில் இதுவே பிடித்தது. டின் காது நிற்கிற நான்கைந்து எண்களை வெட்டினேன். சதுர ஐந்து சதம் மேலேயே இருந்தபோது கேட்டது. நான்கு அங்குலத்துக்குப் போனதும் எண் தளம்பி வெட்டின இடத்துக்குள் விழுந்து சத்தம் அறுந்தது. ஆழம் கூடக்கூட எண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோணலாக நிற்கும் காசும் அப்படித்தான். நசுங்கிய டின்னோ எல்லா எண்ணிலும் வரும், எத்தனையைத்தான் வெட்டுவது? மாமாங்கக் கோயில் திருவிழா முடிந்த வெளி போல ஒரேவகைக் குப்பை, ஈயத்தாளும் சோடா மூடியும் மட்டுமே நிறைந்த மண் என்றால் இடைவெட்டில் பயன் உண்டு. நாலு காலத்துக் குப்பை கலந்த வளவுக்கு அது சரிவரவில்லை.

மூன்றாம் ஞாயிறு எல்லாவற்றையும் திறந்தேன். இரும்பையும் கேட்கவிட்டேன், ஆனால் அதற்குத் தாழ்ந்த உறுமல், நடுவுக்கு ஒரு சத்தம், உச்சிக்குக் கீச்சென்று ஒன்று. முதல் பத்து நிமிடம் தலை வெடித்தது. "ஆணி பொறுக்கவா மருமகன் இந்த மிசின்?" என்று குசினிக்குள் இருந்து குரல். கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்த என் கூட்டாளி ஒருவன் அன்றைக்கு வந்திருந்தான். அவர்கள் தேடுகிற வேலையில் வடிகட்டுக்கு இடமே இல்லை, எந்தச் சத்தத்தையும் பார்க்காமல் தாண்டக்கூடாது. "சத்தத்தை மிசின் தெரிஞ்செடுக்கக் கூடாது மச்சான், நீ தெரிஞ்செடு" என்றான். அவனுக்குக் காது பழகிக்கிடக்கிறது. எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

அவன் சொன்னதில் முழு நம்பிக்கை வராமல், ஒரு சோதனை செய்தேன். பிளாஸ்டிக் கதிரையின் மேல் செப்புச் சதத்தை வைத்து, இரண்டு விரல் தள்ளி ஒரு கூரை ஆணி. கடும் வடிகட்டில் சதத்தின் சத்தம் பாதியாக அறுந்து 'டிக்' என்று மட்டும் வந்தது. மற்றப் பக்கத்திலும் ஓர் ஆணி வைத்தேன். மறுகா எதுவும் இல்லை, வெறும் கதிரைதான். ஆணியை ஊமையாக்கும்போது மிசின் அந்தக் கணத்தையே ஊமையாக்குகிறது. அது மறுபடி வாய் திறக்குமுன் தட்டு சதத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. திறந்து வைத்து வீசியபோது உறுமல், உறுமல், நடுவில் அணில் கத்தியதுபோல ஒரு கீச்சு. அதுவும் ஒரு பக்கமிருந்து வீசினால் மட்டும். கிறுகி நின்று, முன்பு வீசியதற்குக் குறுக்காக வீசினேன், கீச்சு இன்னும் தெளிந்தது.

சோடா மூடிதான் எனக்குப் பெரிய அதிசயம். இரும்பு, ஆனால் தட்டையும் வட்டமும். அந்த வடிவத்தால் மிசின் ஏமாந்து உச்சி எண்ணைக் காட்டும். கடும் வடிகட்டில் அது அச்சொட்டாக வெள்ளிக் காசு போலவே பாடுகிறது. ஏனென்றால் மூடியின் விளிம்பில் வருகிற இரும்பு உறுமலைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்களே. திறந்து வைத்தால் நடுவில் கீச்சு, தட்டை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது விளிம்பில் உறுமல். செப்புச் சதம் அப்படி இழுத்தாலும் கடைசிவரை கீச்சாகவே தேய்ந்து போகும். முதல் ஞாயிறு நான் தோண்டிய குப்பையில் முக்கால்வாசி சோடா மூடி. மூன்றாம் ஞாயிறு இரண்டே இரண்டு. குப்பை குறையும் என்று போட்ட வடிகட்டுதான் அதிகக் குப்பையைத் தோண்ட வைத்தது.

இன்றைய பத்து ரூபாய்க் குத்தி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். பதினொரு பக்கம் கொண்ட எஃகு. சோடா மூடியின் குணம்தான் அதற்கும். பழசைத் தேடுகிறவருக்கு அது தொல்லை, கடற்கரையில் சில்லறை தேடுகிற பொடியன்களுக்கு நட்டம்.

கடற்கரை என்றதும் ஒன்று. நாவலடிப் பக்கம் ஈர மணலில் உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்தும். மிசினுக்கு அது ஈயத்தாள் எண்ணில் கேட்கும். ஒரே அலைவரிசை மிசின் என்றால் அங்கே முழுவதும் திறந்து வைத்தால் ஓயாமல் புலம்பும், அடியை அடைக்காமல் வழியில்லை. பல அலைவரிசை மிசின் இதைச் சமாளிக்கும். மாரி மழை விட்ட கையோடு எங்கள் வளவிலும் கொஞ்சம் இந்தப் புலம்பல் இருந்தது.

ஆகவே என் கட்சி மூன்றாவதுதான், சின்ன ஒரு திருத்தத்தோடு. இரும்பு வரிசையின் அடியில் ஐந்தாறு எண்ணை மட்டும் அடைக்கிறேன், துருத்தூளின் சலசலப்பு நிற்பதற்கு. மற்றதெல்லாம் திறந்து. தட்டையும் மாற்றவேண்டும். பெரிய பதினொரு அங்குலத் தட்டுக்குக் கீழே ஒரே நேரத்தில் நாலு ஆணி நிற்கும், ஆறு அங்குலத் தட்டுக்குக் கீழே ஒன்றோ இரண்டோ. ஆழம் குறையும்தான். ஆனால் ஆணிக் காட்டில் ஆழத்தைவிடப் பிரித்துக் கேட்பதுதான் முக்கியம். வீச்சும் மெல்ல, கிடுகு பின்னுகிற கைபோல. நேரமில்லாதவர், பெரிய சுத்தமான புல்வெளி, செம்பும் வெள்ளியும் மட்டும் போதும் என்கிறவர், அவருக்குக் கடும் வடிகட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சதுர ஐந்து சதத்தை மட்டும் மறந்துவிட வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு பின்னேரம் ஆறு குத்தி கைக்கு வந்திருந்தன. எஞ்சியவை 1944 இரண்டு சதமும் ஓர் அலுமினியச் சதமும். குச்சியைப் பார்த்து எடுக்கலாம் என்று திரும்பினால், மனைவியின் தமக்கை மகன் அந்தப் பக்கத்துக் குச்சிகளையெல்லாம் பிடுங்கி ஒழுங்கைக்குள் விக்கெட் ஆக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். "நீங்க மிசின் வச்சிருக்கீங்கதானே மாமா" என்கிறான்.

இரண்டு சதம் முருங்கையடியில் கேட்டது, இரண்டு உறுமலுக்கு நடுவில். அலுமினியச் சதம் இருட்டும் வரைக்கும் அகப்படவில்லை. சின்னத் தட்டு எங்களிடம் இல்லை, கடையில் ஓடர் கொடுத்திருக்கிறேன். மாமி குத்திகளை மேசையில் பரப்பி இரண்டு தரம் எண்ணினார்.

"ஏழுதான் இருக்கு மருமகன்."

திங்கட்கிழமை மிசின் வேலைக்குத் திரும்பியது. வால்வ் மூடி இரும்பு, அதனால் அடைத்த அந்த ஐந்தாறு எண்ணையும் வேலைக்குப் போகிற வானுக்குள்ளேயே திறந்துவிட்டேன்.