பழைய ஸ்பிளெண்டர் ஹெட்லைட்: எல்இடி வாங்கறதுக்கு முன்னாடி கோரிமேட்டு சந்துக்குள்ள ஒரு தடவை போங்க

ஏற்காடு மலைப்பாதைக்கு வெளிச்சம் போதலைன்னு எல்இடி பல்பு தேடிட்டு இருக்கீங்களா? உங்க வண்டி பழைய ஸ்பிளெண்டர், பேஷன் மாதிரி ஏசி ஹெட்லைட் (பேட்டரி இல்லாம, இஞ்சின் ஓடறப்போ வர்ற கரண்ட்டுல நேரா எரியற லைட்டு) வண்டின்னா பல்புக்குக் காசு போடறதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்க. பல்புக்கு வர்ற கரண்ட்டை முதல்ல சரி பண்ணணும். அதைச் செஞ்சு குடுக்கிற ஒரு கடையைப் பத்தித்தான் எழுதறேன். வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு வண்டி வராது. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடறேன்.

நான் சேலம் கன்னங்குறிச்சி. விடியக்காலையில பன்னு, பிரெட்டு, வர்க்கி எல்லாம் ட்ரேயில அடுக்கிக் கட்டிட்டு ஏற்காடு ஒண்டிக்கடை சுத்துவட்டார டீக்கடைகளுக்குப் போடறவன். வண்டி 2008 ஸ்பிளெண்டர் பிளஸ், டேங்குல இன்னும் ஹீரோ ஹோண்டா பேரு இருக்கிற வண்டி. இருட்டுல ஏறி, வெளிச்சத்துல இறங்கறேன். அதனால ஹெட்லைட் எனக்கு அலங்காரம் இல்லை.

இந்த மாடல்ல ஹெட்லைட்டுக்கு கரண்ட் பேட்டரியில இருந்து வர்றதில்லை. இஞ்சினோட சேர்ந்து சுத்தற மேக்னட்டுக்குள்ள இருக்கிற லைட்டிங் காயில்ல இருந்து நேரா வருது. ஆக்சிலரேட்டரை முறுக்கினா எரியும், விட்டா மங்கும். ஊருக்குள்ள இது ஒரு குறையே இல்லை, அஸ்தம்பட்டியில தெருவிளக்கே போதும். மலையில அப்படி இல்லை. அடிவாரம் தாண்டினா 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் ஆக்சிலரேட்டரை விட்டு, கியரை இறக்கி, வண்டியைச் சாய்க்கணும். ரோடு எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்ணு தேடற அதே நொடியில லைட்டு சோர்ந்துடும். மறுபடி முறுக்கினதும் பளிச்சுன்னு வரும், ஆனா அதுக்குள்ள வளைவு முடிஞ்சிருக்கும். பத்து வாட் கூடுதல் பல்பு போட்டாலும், இருபது வாட் கூடுதலா போட்டாலும் இந்தச் சோர்வு போகாது.

கடை அஸ்தம்பட்டியில இருந்து கோரிமேடு போற ரோட்டுல, ஒரு சந்துக்குள்ள இருக்கு. போர்டு கிடையாது. வாசல்ல பழைய மேக்னட் காயிலை எல்லாம் கம்பியில கோத்துத் தொங்க விட்டிருப்பான், அதுதான் அடையாளம். முப்பது வயசுக்குள்ள இருக்கிற தம்பி, ஒத்த ஆளு. நான் போய் எல்இடி கேட்டேன். "எடுத்துத் தர்றேன்ணா, அதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் முறுக்கிப் புடிங்க"ன்னான். மீட்டரை எடுத்து ஆர்ஆர் யூனிட்டுக்கிட்ட, அதாவது வோல்டேஜைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் டப்பாகிட்ட வச்சான், 12-ஐ ஒட்டிக் காட்டுச்சு. டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டைக் கழட்டி பல்பு ஹோல்டர்ல வச்சான், 10 கூட இல்லை. நடுவுல ரெண்டு வோல்ட்டை வயரே தின்னுட்டு இருக்கு.

ரெண்டு வோல்ட் தானேன்னு நினைக்காதீங்க. ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் கிட்ட போயிடும். என் வண்டியில குறைஞ்சது அதை விட ஜாஸ்தி. 35 வாட் பல்பை மாட்டி வச்சுட்டு அதுல பாதி வெளிச்சத்துலதான் நான் இத்தனை நாளா மலை ஏறிட்டு இருந்திருக்கேன்.

அந்த ஹோல்டரைக் கையில குடுத்தான். வெள்ளையா இருக்க வேண்டிய பிளாஸ்டிக், ஓரமெல்லாம் டீத்தூள் கலர்ல கருகி, ஒரு பின்னு சரிஞ்சு நின்னுச்சு. "உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவரு 60/55 வாட் பல்பு போட்டு ஓட்டியிருக்காருணா"ன்னான். பச்சை வயர், அதாவது எர்த்து, முனையை உரிச்சுக் காட்டினான். செம்புக் கம்பி மேல களிம்பு ஏறி, விரலால தேய்ச்சா மாவா உதிருது. மலைப்பனியில தினம் நனையற வண்டிக்கு இது வராம இருந்தாத்தான் அதிசயம்.

60/55 பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா சேலத்துல பாதி மெக்கானிக்குங்க முதல்ல சொல்ற வைத்தியம் இதுதான். ஸ்பிளெண்டருக்குக் கம்பெனி குடுத்தது எச்எஸ்1 ரக பல்பு, பிரைட்டுக்கும் டிம்முக்கும் 35/35 வாட். எச்4 60/55 பார்க்கிறதுக்கு அதே ஜாடை, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணா உட்கார்ந்தும் போயிடும். எச்எஸ்1 பிரைட்டுல 825 லூமன் (லூமன்னா வெளிச்ச அளவு), எச்4 அதைப் போல ரெண்டு மடங்கு 1650 லூமன்னு கணக்கு. ஆனா அது முழு வோல்டேஜ் கிடைச்சா. லைட்டிங் காயில் அவ்வளவு வாட் குடுக்கவே குடுக்காது. குடுக்கிறதுக்குள்ள வோல்டேஜ் இறங்கி, பல்பு செம்மஞ்சளா எரிஞ்சு, ஹோல்டரை மட்டும் சுட்டுட்டு இருக்கும். இவன் அந்தப் பல்பை விக்கிறதே இல்லை. காசு குடுத்தாலும் மாட்ட மாட்டேன்னுட்டான்.

எல்இடியை அவன் மறுக்கலை, மாட்டியே காட்டினான். பின்னாடி குட்டி ஃபேன் வச்ச, 300 ரூபாய்க்குக் கிடைக்கிற ரகம். பெட்டி மேல 20,000 லூமன்னு போட்டிருந்துச்சு. இந்த ரக பல்பு இழுக்கிறது 20 வாட் சொச்சம். ஒரு வாட்டுக்கு நூறு லூமன்னு தாராளமாவே வச்சாலும் 2000 சொச்சம்தான் வரும். பெட்டியில அச்சடிக்கிறதுக்கு யாரும் காசு கேக்கறதில்லை, அதான். ஏசியிலேயே மாட்டினான், ஐடிலிங்குல படபடன்னு துடிச்சுது. பேட்டரியில இருந்து நேரா குடுத்தான், துடிப்பு நின்னுச்சு. அப்புறம் எதிர்ல இருக்கிற ஷட்டரைப் பார்க்கச் சொன்னான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். ஹாலஜன் பல்பை உத்துப் பாருங்க, டிம் இழைக்குக் கீழே சின்னதா ஒரு தகரக் கிண்ணம் இருக்கும். இழையில இருந்து கீழே போற வெளிச்சத்தை அது மறைச்சுடும், மேல் பாதி மட்டும் ரிப்ளக்டர்ல பட்டு ரோட்டுல விழும். அதனாலதான் டிம் போட்டா சுவத்துல மேல ஒரு கோடு வெட்டின மாதிரி நிக்குது, எதிர்ல வர்றவன் கண்ணு தப்பிக்குது. மலிவு எல்இடியில சிப்பு அந்த இழை இருக்க வேண்டிய இடத்துல இருக்கறதில்லை, கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ, இல்லைன்னா தடியாவோ இருக்கும். ஷட்டர்ல கோடே விழலை. டிம்முல போட்ட லைட்டு மாடி வீட்டுக் கொடியில காயற துணி வரைக்கும் வெளிச்சம் போட்டுச்சு. கீழே ரோட்டுல விழ வேண்டியது அது. மேல இருந்து ஒரு அம்மா "யாருப்பா அது"ன்னு எட்டிப் பார்த்துச்சு, நாங்க அவசரமா அணைச்சோம்.

அப்புறம் விலை கூடின ஒண்ணு, 1,400 ரூபா. பலகை மெல்லிசு, சிப்பு சரியான இடத்துல. கடிகாரத்துல மூணு மணி, ஒம்பது மணி இருக்கிற பக்கமா சிப்பு பார்க்கிற மாதிரி பல்போட காலர் வளையத்தைத் திருப்பி மாட்டினான், ஷட்டர்ல கோடு ஓரளவுக்கு நின்னுச்சு. வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் இதைக் கடனா வாங்கி சில நாள் மலையில ஓட்டினேன். காய்ஞ்ச ரோட்டுல கிட்டப் பார்வைக்கு அருமை, வெள்ளைக் கோடு, தடுப்புச் சுவர், எல்லாம் பளபளன்னு தெரியுது. தூரம் போகலை. மழை ஈரத்துல ரோடு கண்ணாடி மாதிரி ஆகி வெளிச்சத்தை முன்பக்கமாவே அடிச்சு விட்டுடுது, நம்ம கண்ணுக்கு ரோடு கருப்பாத்தான் தெரியுது. பாதிக்கு மேல ஏறி பனி இறங்கிட்டா முன்னாடி வெள்ளையா ஒரு சுவர்தான். மஞ்சள் லைட்டு பனியைக் கிழிக்கும்ங்கிற பேச்சையும் நான் நம்பறதில்லை. பனித்துளி இருக்கிற அளவுக்கு எந்தக் கலரா இருந்தாலும் திருப்பித்தான் அடிக்கும். ஆனா அந்த நீலம் கலந்த வெள்ளை திரும்பி வர்றப்போ கண்ணு சீக்கிரம் அலுத்துடுது. திருப்பிக் குடுத்துட்டேன். ஊருக்குள்ளயே ஓட்டறவங்களுக்கு, பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைக்கிறவங்களுக்கு அது நல்ல பல்புதான்.

நான் கடைசியா மாட்டினது சாதாரண எச்எஸ்1 35/35 பிலிப்ஸ் ஹாலஜன், 160 ரூபா. மாறினது அதுக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம். மேக்னட் காயிலோட எர்த்து முனையை பாடியில இருந்து பிரிச்சுத் தனியா வெளியே எடுத்தான். ஏசியை முழுசா டிசியா மாத்தற ஃபுல் வேவ் ஆர்ஆர் யூனிட் ஒண்ணு வச்சான், இப்போ காயில் குடுக்கிற கரண்ட் மொத்தமும் பேட்டரிக்குப் போகுது. பேட்டரியில இருந்து தடி வயர், 10 ஆம்பியர் ஃபியூஸ், டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே (தடி வயர் கரண்ட்டைத் திறந்து மூடற சுவிட்சு), பீங்கான் ஹோல்டர், புது எர்த்து. ரிப்ளக்டர்ல முலாம் மங்கியிருந்ததால டூமும் புதுசு. எல்லாம் சேர்த்து 2,310, அதுல அவன் கூலி 700. காயில் திறக்கிற வேலைக்கு 700 ஜாஸ்தின்னு நான் சொல்ல மாட்டேன்.

அவனை எனக்குப் பிடிச்சுப் போனது அதுக்கப்புறம் சொன்ன ஒரு விஷயத்துல. "நாளைக்கு ட்ரேயோட வாங்கணா, லோடு வச்சுப் பார்த்து லைட்டைக் கீழே இறக்கணும்"ன்னான். பின்னாடி ட்ரே கட்டினா வண்டி பின்பக்கம் உட்காரும், மூக்கு மேல தூக்கும், லைட்டு மரத்து உச்சியைப் பார்க்கும். காலி வண்டியில செட் பண்ணி அனுப்பற கடைதான் நான் பார்த்ததெல்லாம். காலி ட்ரேயில செங்கல்லை அடுக்கி, என்னை மேல உட்கார வச்சு, சுவத்துல பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பினான். மோட்டார் வாகன விதியில இதுக்கு ஒரு அளவே இருக்கு: லைட்டுல இருந்து 8 மீட்டர் தள்ளி, தரையில இருந்து 1.5 மீட்டர் உசரத்துல கண்ணு இருக்கிற ஆளுக்குக் கூசக்கூடாது. அந்தத் தூரத்துல அவனே போய் நின்னு, கொஞ்சம் குனிஞ்சு பார்த்துட்டு சரின்னான்.

இப்போ வளைவுல ஆக்சிலரேட்டரை விட்டாலும் லைட்டு அசையறதில்லை. அறுபதடி பாலத்துக்கிட்ட எதிர்ல வர்ற பஸ்காரங்க முன்னெல்லாம் ரெண்டு தடவை டிம் அடிப்பாங்க, இப்போ அடிக்கறதில்லை. எஸ்டேட் பக்கம் ரோட்டோரம் நிக்கிற காட்டெருமை, அது நிறத்துக்கு எந்த லைட்டுலயும் கடைசி நேரத்துலதான் தெரியும். இப்போ கொஞ்சம் முன்னாடியே கால் தெரியுது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குமே, அது.

இனி குறைகள். சாயந்திரம் தர்றேன்னவன் மறுநாள் சாயந்திரம்தான் குடுத்தான். போன் பண்ணா எடுக்க மாட்டான், நேர்லதான் போய் நிக்கணும். என் பிழைப்பு ஒரு நாள் போச்சு, மச்சான் வண்டியை இரவல் வாங்கிட்டு மலை ஏறினேன். பில்லு கேட்டா பழைய கேலண்டர் தாளுக்குப் பின்பக்கம் எழுதித் தர்றான். ஹேண்டில்பாருக்குப் போற வயரை ரொம்ப இழுத்துக் கட்டியிருந்தான், இடது பக்கம் முழுசா ஒடிச்சா விறைப்பா நின்னுச்சு. அப்படியே விட்டா என்னைக்காவது ஒரு வளைவுல அறுந்திருக்கும். கொண்டு போய்க் காட்டினேன், மூஞ்சியைச் சுளிக்காம தளர்த்திக் குடுத்தான், காசு வாங்கலை. ஆனா முதல்லயே பார்த்திருக்கணும்.

இப்படி டிசி ஆக்கின, அதாவது பேட்டரியில லைட்டு எரியற வண்டிக்குன்னு சில பழக்கமும் மாறணும். முன்னெல்லாம் இஞ்சின் நின்னா லைட்டும் நிக்கும். இப்போ சாவி ஆன்ல இருந்தா எரிஞ்சுட்டே இருக்கும், அந்தச் சின்ன பேட்டரி டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சோர்ந்து போயிடும். ஐடிலிங்குல ரொம்ப நேரம் நிறுத்தி லைட்டு போட்டு வச்சாலும் அதே கதைதான். வயசான பேட்டரின்னா அதையும் சேர்த்து மாத்திடுங்க. உதைச்சு ஸ்டார்ட் பண்ற வண்டிதான், இருந்தாலும் ஹாரனும் இண்டிகேட்டரும் அதே பேட்டரியை நம்பித்தான் இருக்கு. பனியில பிரைட் போடாதீங்க, டிம்முதான். இது எந்தப் பல்புக்கும் பொருந்தும்.

எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டி, வாரண்டியில இருக்கிற வண்டியெல்லாம் கொண்டு போனா அவனே கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிடுவான். கார்புரேட்டர் வண்டிதான் அவனுக்கு. காலையில பத்தரைக்கு முன்னாடி போனா ஷட்டரைத்தான் பார்க்கணும். வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போக முடிஞ்சா மட்டும் போங்க. வர்றப்போ ஒரு எச்எஸ்1 பல்பு கூடுதலா வாங்கி, துணியில சுத்தி சைடு பாக்ஸ்ல போட்டு வச்சுக்கோங்க. மாட்டறப்போ கண்ணாடியில விரல் படக்கூடாது, பட்ட இடத்துல எண்ணெய்ப் பிசுக்கு சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும்.