நகராட்சியின் சாலைப் புகார்ச் சேவை: மூன்று புகார்களின் அனுபவம்

எங்கள் நகராட்சியின் சாலைப் புகார்ச் சேவையை ஓராண்டில் மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறேன். முதல் முறை வீணானதற்கு என் அறியாமையே காரணம். கடைவீதிச் சாலையில் இருந்த ஒரு பள்ளத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அது நெடுஞ்சாலைத் துறைக்கு உரிய சாலை என்று மறுநாளே பதில் வந்தது. ஊருக்குள் ஓடுகிறது என்பதாலேயே ஒரு சாலை நகராட்சியினுடையதாகிவிடாது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளைப் பட்டியலிடும், அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் ‘சாலைகளும் பாலங்களும்’ இருந்தாலும், எதை ஒப்படைப்பது என்பது மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. தெருக்களும் பேருந்து நிலையமும் நகராட்சியின் பொறுப்பு. அந்த நிலையத்துக்கு வரும் அரசுப் பேருந்துகளோ போக்குவரத்துக் கழகத்துடையவை. நிலையக் கூரை ஒழுகினால் நகராட்சிக்கு எழுதலாம், பேருந்து வராவிட்டால் எழுதிப் பயனில்லை.

இரண்டாவது புகார், குடிநீர் இணைப்புக்காக வெட்டிய எங்கள் தெருமுனைப் பள்ளம் பற்றியது. சாலையை வெட்ட அனுமதி தரும்போதே சீரமைப்புக் கட்டணத்தையும் வாங்கிவிடுகிறார்கள் என்பதால், பணமில்லை என்று சொல்ல இதில் இடமில்லை. ஆறாம் நாள் மூவர் வந்தனர். மண்ணை விளக்குமாற்றால் கூட்டி, தாரைத் தெளித்து, கலவையைக் கொட்டிக் கட்டையால் இடித்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பினார்கள். ஓரங்களைச் சதுரமாக வெட்டி, தளர்ந்த ஜல்லியை எடுத்த பிறகே நிரப்பியிருக்க வேண்டும். அடுத்த மழையிலேயே ஓரம் பெயர்ந்து, தையல் கடை வாசல்வரை ஜல்லி சிதறிக் கிடந்தது. ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி மட்டும் பள்ளத்தை நிரப்பிய அன்று மாலையே வந்திருந்தது!

மூன்றாவது முறை, தெருவுக்குப் புதிதாகத் தார் போடப்போவதை அறிந்து முன்கூட்டியே எழுதினேன். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்பே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்ததைக் குறிப்பிட்டிருந்தேன். பொறியாளர் நேரில் வந்து அளந்து பார்த்தார். இயந்திரத்தால் சுரண்டிய பிறகே வேலை தொடங்கியது. எங்கள் வாசலில் மூன்று படிகளும் அப்படியே இருக்கின்றன. சுரண்டாமல் பழைய தளத்தின் மேலேயே தார் போட்ட பக்கத்துத் தெருவில் ஒரு படிதான் வெளியே தெரிகிறது, மழைநீர் திண்ணைவரை ஏறுகிறது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். தீர்க்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் இடத்தைப் போய்ப் பார்த்து, சரியில்லை என்றால் படத்துடன் அதே எண்ணைக் காட்டி மீண்டும் எழுதுங்கள்.