மைனர் திரெட்டின் ‘அவுட் ஒஃப் ஸ்டெப்’: கத்தலுக்குள் ஒரு பிரிவு

ஹார்ட்கோர் என்கிற அதிவேக பங்க் ராக் எல்லாம் வெறும் காட்டுக்கத்தல் என்று சொல்லுகிற ஆளுக்கு முதலில் மைனர் திரெட் குழுவின் ‘அவுட் ஒஃப் ஸ்டெப்’ இசைத்தட்டிலுள்ள ‘லுக் பாக் அண்ட் லாஃப்’ பாட்டைப் போட்டுக் காட்டுங்கோ. ஒன்றாய்த் திரிந்த கூட்டாளிகள் ஆளுக்கொரு திசையில் போய்விட, ஒருநாள் இதையெல்லாம் நினைத்துச் சிரிப்போம் என்று தன்னைத் தானே தேற்றப் பார்க்கிறான் ஒருத்தன். தேற்ற முடியவில்லை என்பது குரலிலேயே தெரிகிறது. ஏ.எல். முடிந்த கையோடு பாதி வகுப்பு கனடா, லண்டன், பிரான்ஸ் என்று பறந்துபோன யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வாஷிங்டனைச் சேர்ந்த இந்தக் குழு இசைத்தட்டை வெளியிட்டது 1983இல். (அந்த ஆண்டென்றால் நமக்கு நினைவு வருவது வேறு: கறுப்பு ஜூலை.) வெளியிட்டது டிஸ்கோர்ட். பாடகர் இயன் மக்கேயும் ட்ரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனும் சேர்ந்து 1980இல் தொடங்கிய சொந்த நிறுவனம் அது. ஒலிப்பதிவு நடந்ததும் பெரிய ஸ்டூடியோவில் இல்லை. டொன் சியென்டாரா என்பவரின் வீட்டு நிலவறையில். அதனால்தான் எதிரொலி பூசாத, முகத்துக்கு நேரே நின்று கத்துகிற குரல். வெளிநிறுவனம் எடுத்திருந்தால் முதலில் மெழுகியிருக்கக்கூடியது இந்தக் கரகரப்பைத்தான்.

சுமார் 21 நிமிடத்தில் ஒன்பது பாட்டு. உறைக்கிறது வேகத்தால் என்று தோன்றும். உண்மையில் வேகம் குறைகிற இடத்தில்தான் வலி. முதல் பாட்டு ‘பிட்ரே’ தலைதெறிக்க ஓடி, கடைசிப் பகுதியில் திடீரென்று கனத்து நடக்கத் தொடங்கும். அதுவரை கோபமாய் இருந்த குரல் அங்கே ஒப்பாரிக்குக் கிட்ட வந்துவிடும். பாடியவருக்கு அப்போது 20 வயது. மேளக் கச்சேரியில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று பழகிய காதென்றால், நெல்சன் காலத்தை இழுத்துப் பிடிக்கிற இடம் உடனே பிடிபடும். ‘லிட்டில் ஃப்ரெண்ட்’ இதற்கு மறுபக்கம்: உள்ளே இருக்கிறது என்ன உணர்ச்சி என்றே சொல்ல முடியாத மந்தம்.

கிற்றார் இரண்டு. முன்பு பேஸ் கிற்றார் வாசித்த பிரையன் பேக்கர் இதில் இரண்டாவது கிற்றாருக்கு மாற, ஸ்டீவ் ஹான்ஸ்கன் பேஸுக்கு வந்தார். லைல் பிரெஸ்லர் வாசிப்பதோடு சேர்ந்து சுவர்போல ஒலி நிற்பது அதனால்தான். பிரெஸ்லர் பல்கலைக்கழகம் போனபோது ஒருமுறை கலைந்து 1982இல் திரும்பக் கூடிய குழு இது. பிரிவைப் பற்றிய பாட்டுகள் சும்மா வந்தவையல்ல.

‘சொப் ஸ்டோரி’ எனக்கு ஒட்டவில்லை; நக்கல் அதிகம், மனம் குறைவு. தலைப்புப் பாட்டில், குடியும் புகையும் வேண்டாம் என்பது மற்றவர்களுக்குப் போடுகிற சட்டமில்லை என்று நடுவில் நின்று பேச்சாகவே சொல்லுகிறார்கள். போதனையாய்ப் போயிருக்கவேண்டிய பாட்டு அதனால் தப்புகிறது. கடைசிப் பாட்டு ‘காஷிங் இன்’ காசுக்கு விலைபோவதைக் கேலி செய்துகொண்டே போய், வீட்டைப்போல வேறிடம் இல்லை, அப்ப நான் எங்கே நிற்கிறன் என்ற கேள்வியில் வந்து முட்டுகிறது. பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் இடம்பெயர்ந்த ஊர்க்காரர் காதில் பகிடியாய் விழாது.

கேட்கும்போது பிழைக்கிற இடங்கள் சில உண்டு. மினிபஸ்காரர் மாதிரி பேஸைக் கூட்டி வைத்தால் கிற்றாரும் ஸ்னெயர் ட்ரம்மும் கூழாகிவிடும். ஈக்வலைசரில் பேஸ் பூஸ்டை நிறுத்தி, எல்லாவற்றையும் நடுவில் விடுங்கோ. உள்ளங்கையளவு புளூடூத் ஸ்பீக்கரில் முழுச்சத்தம் வைத்தால் சிம்பல் இரைச்சல் குரலைத் தின்னும், முக்கால்வாசி போதும். பாட்டு வரிசையைக் கலைக்கிற ஷஃபிளும், ஒரு பாட்டின் முடிவோடு அடுத்ததைக் கலக்கிற கிராஸ்ஃபேடும் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் ‘பிட்ரே’ மெதுவாகிற முடிவை அடுத்த பாட்டு விழுங்கிவிடும். முதல்முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கோ, ஆங்கிலம் நன்றாய்த் தெரிந்தாலும் இந்த வேகத்துக்குச் சொற்கள் பிடிபடாது.

இசைத்தட்டு ஓட்டக் கருவி இல்லாதவர்கள் 1989இல் வந்த, குழுவின் ‘கம்ப்ளீட் டிஸ்கோகிராஃபி’ தொகுப்பை எடுக்கலாம். இந்த ஒன்பதோடு சேர்த்து 26 பாட்டு அதில் இருக்கின்றன. ஆனால் ‘அவுட் ஒஃப் ஸ்டெப்’ பாட்டு அதில் இரண்டு தரம் வரும்: 1981இல் பதிந்த பழைய வடிவம் ஒன்று, இந்தத் தட்டிலுள்ளது மற்றது. நடுவில் பேச்சு வருவதுதான் இந்தத் தட்டுக்குரியது.