அரை வோல்ட் போதும்: மூன்று வருட எல்இடி டிரைவர் அனுபவம்

வேலை மேசைக்கு மேலே நானே கட்டிய எல்இடி விளக்கு மூன்று வருடமாக எரிகிறது. நான்கு சரம், சரத்துக்கு எட்டு வெள்ளை எல்இடி, 100 மில்லிஆம்பியர். எல்இடிகள் அன்று போட்டவைதான். டிரைவர்தான், அதாவது அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்தான், மாறியது.

முதலில் 30 வோல்ட் நிலையான சப்ளை. சூடேறிய எல்இடி ஒன்றுக்கு 3.1 என்றால் சரத்துக்கு 24.8 வோல்ட். மீதி 5.2 எங்கே போகும்? சரத்தின் அடியில் கரண்ட்டைப் பிடித்து வைக்கும் சிப்பின் தலையில்தான். நான்கு சரத்துக்கும் சேர்த்து இரண்டு வாட் வீண். சிப்பில் விரல் வைக்க முடியவில்லை. சரி என்று 26-க்கு இறக்கினேன். சூடு அடங்கியது. ஆனால் குளிர்ந்த நேரத்தில் போட்டால் ஒரு சரம் மட்டும் மங்கலாக எரிந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. குளிரில் எல்இடி கூடுதல் வோல்ட் கேட்கும், 3.2 ஆனாலே சரத்துக்கு 25.6. மிஞ்சிய 0.4 சிப்புக்குப் பற்றவில்லை.

அப்புறம்தான் ஹெட்ரூமை, அதாவது சிப்புக்கு மிஞ்ச வேண்டிய வோல்ட்டை, தானே கவனிக்கும் டிரைவருக்கு வந்தேன். நான்கு சரத்தின் கேதோடு முனையையும் (சிப்போடு சேரும் அடிமுனை) பார்த்து, எதில் வோல்ட் மிகக் குறைவோ அது 0.5-ல் நிற்கும்படி சப்ளை வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டரை ஏற்றி இறக்குகிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் சப்ளை, விளக்கைப் போட்டவுடன் 26.1, அரை மணி கழித்து 25.3. மற்ற சரங்களில் கொஞ்சம் கூடுதலாகத்தான் நிற்கிறது. எல்லாம் ஒரே சப்ளையில் தொங்கும்போது அது இருக்கத்தான் செய்யும்.

போன வருடம் ஒரு சால்டர் விட்டுப்போனது. அறுந்த சரத்தின் கேதோடு பூஜ்யத்துக்கு விழுந்ததும், வோல்ட் பற்றவில்லை என்று டிரைவர் ஏற்றிக்கொண்டே போய், நான் வைத்திருந்த 34 வோல்ட் உச்ச வரம்பைத் தொட்டது. பிறகே அந்தச் சரத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுக் கீழே இறங்கியது. மற்ற மூன்றும் கண் சிமிட்டவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது: அவுட்புட்டில் இருந்தது 35 வோல்ட் வரையே தாங்கும் கெப்பாசிட்டர். அன்றே 50 வோல்ட் செராமிக் ஒன்றை வைத்தேன்.

ஒரே எரிச்சல், டிம்மிங். 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்மில் (விளக்கை வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் முறை) 1 சதவீதம் வைத்தால் சரம் எரிவது அரை மைக்ரோசெகண்ட். அதற்குள் கேதோடை அளக்க டிரைவருக்கு நேரம் ஏது? சப்ளை அலைந்து, வெளிச்சம் துடித்தது. 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் துடிப்பு நின்றது. ஆனால் 1 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும் அளவு என்பதால், இப்போது அந்த செராமிக் கெப்பாசிட்டர் மெல்லிசாக ரீங்காரம் போடுகிறது. நடுராத்திரியில் நன்றாகவே கேட்கிறது.